நீலக் கெண்டிக்கு நாலரை

துருக்கிச் சாப்பாட்டுக் கடைக்குப் போனால் முதலில் இறைச்சியைப் பார்க்கக் கூடாது, பாணைப் பார்க்க வேண்டும். இறைச்சியின் குறையை மசாலாவால் மூடிவிடலாம். பாணில் எதையும் மறைக்க முடியாது. பிய்க்கும்போது ஆவி வர வேண்டும், விரலில் மா ஒட்டக் கூடாது, ஆறிய பிறகு தோலைப் போல இழுபடக் கூடாது. இதை ஏன் இந்தத் தாளில் எழுதுகிறேன் என்று நீங்கள் யோசிக்கலாம். எதையும் நின்று நிதானமாகப் பார்த்துச் சொல்கிற ஆள் நான் என்பது உங்களுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

நேற்று நீங்கள் சிங்களத்தில் எழுதிய என் வாக்குமூலத்தை ஒருவர் தமிழில் வாசித்துக் காட்டினார். பெரிய பிழை ஒன்றும் இல்லை. ஆனால் 'உணவு உண்டபோது மனைவி சுகவீனமுற்றார்' என்ற ஒரு வரியில் என் இருபத்தாறு வருடத் தாம்பத்தியம் முடிந்துவிட்டிருந்தது. அதனால்தான் நானே எழுதுகிறேன் என்று தாள் கேட்டேன். தந்தீர்கள், நன்றி. நாளைக்குப் புதுக்கடை நீதிமன்றத்தில் இதையே கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. என் மனைவி சிவமணி இறந்த அன்று, அவளுடைய உயிரைக் காப்பாற்றக்கூடிய ஊசி என் சட்டைப் பையில் ஏன் இருந்தது? அதற்கு வருவேன். இரண்டு கடைகளையும் பற்றிச் சொல்லாமல் அங்கே வந்து சேர முடியாது.

என் பெயர் சிவானந்தன். வயது அறுபத்தொன்று. காப்புறுதி நிறுவனம் ஒன்றில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவன். யார் உண்மை சொல்கிறான், யார் காரைத் தானே மதிலில் மோதிவிட்டு வருகிறான் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலையாக இருந்தது. பத்தொன்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை ஒன்றில் 'இரண்டு கடை' என்ற பத்தியும் எழுதி வருகிறேன். இரண்டு கொத்துரொட்டிக் கடை, இரண்டு இடியப்பக் கடை, இரண்டு புரியாணிக் கடை என்று எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஐந்துக்கு இத்தனை என்று புள்ளி போடுவேன். வெள்ளவத்தைச் சனம் என் பத்தியைப் பார்த்துவிட்டுத்தான் ஞாயிறு மத்தியானம் எங்கே போவதென்று முடிவெடுக்கும். பத்தொன்பது வருடத்தில் நான் ஒரு திருத்தம் கூடப் போட்டதில்லை.

சிவமணிதான் என் இரண்டாவது வாய். பெரும்பாலும் அவளும் கூட வருவாள். அவளுடைய நாக்கு என்னுடையதை விடக் கூர்மையானது என்பதை இப்போது சொல்வதில் நட்டம் இல்லை. குழம்பில் கறிவேப்பிலை முதலில் போட்டதா கடைசியில் போட்டதா என்று சொல்லிவிடுவாள். பத்தியில் நான் 'எமது அபிப்பிராயம்' என்று எழுதுவது அவளையும் சேர்த்துத்தான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அவளுக்குக் கச்சான் கடலை ஒத்துக்கொள்ளாது. கஜு, பாதாம், பிஸ்தா எல்லாம் தாராளமாகச் சாப்பிடுவாள். கச்சான் மட்டும் ஆகாது. கலியாணம் கட்டிய முதல் வருடம் பம்பலப்பிட்டியில் ஆடிவேல் திருவிழா பார்க்கப் போனபோது நான் ஒரு சுருள் அவித்த கச்சான் வாங்கினேன். "எனக்கு இது ஒத்துவராது" என்றாள். புதுப் பெண்ணின் செல்லம் என்று நினைத்தேன். "ஒண்டுதானே" என்று சொல்லி நானே அவள் வாயில் வைத்தேன். பதினொரு நிமிடம். முதலில் உதடு தடித்தது, பிறகு காதுச் சோணை சிவந்தது, பிறகு தொண்டை அடைத்துத் தெருவோரத்தில் குந்திவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். தெரியாமல் தின்றுவிட்டேன் என்றுதான் தன் தாயிடம் சொன்னாள். சாகும் வரைக்கும் அதை அவள் மாற்றிச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு லண்டனில் இருக்கும் அவளுடைய தம்பி வருடா வருடம் ஒரு ஊசி அனுப்பி வந்தான். தடித்த பேனா அளவு, நீல மூடி. மூடியைக் கழற்றித் தொடையில் அழுத்தினால் மருந்து உள்ளே போய்விடும். டாக்டர் தேவையில்லை. கைப்பைக்குள் அதற்கென்று ஒரு சின்ன உறை தைத்து வைத்திருந்தாள். கோயிலுக்குப் போனாலும் அது கூடப் போகும்.

இனிக் கடைகள். வெள்ளவத்தையில் இருப்பது நீலக் கெண்டி. நடத்துபவன் வினோதன், நல்லூர்ப் பொடியன், இஸ்தான்புல்லில் ஐந்து வருடம் ஹோட்டல் வேலை செய்தவன். கொட்டாஞ்சேனையில் இருப்பது ஏழு விளக்கு. அது மக்கீனுடையது. அவர் துருக்கியின் தெற்கில் ஒரு பலகாரக் கடையில் பதினாறு வருடம் மா பிசைந்தவர். இரண்டுக்கும் நல்ல பெயர். எது திறம் என்று முகநூலில் சனம் அடிபட்டுக்கொண்டிருந்தது. தீர்ப்பை என்னிடம் எதிர்பார்த்தார்கள்.

நீலக் கெண்டிக்குச் சிவமணியோடு போனேன். பாண் சரி, மைசூர்ப் பருப்பு சூப் சரி, ஆட்டிறைச்சிக் கபாபில் கொழுப்புக் கரைந்து உள்ளே நின்றது. அயிரான் என்று கொண்டுவந்து வைத்ததைக் குடித்துவிட்டு "இது எங்கட உப்பு மோர்தானே" என்று சிவமணி சிரித்தாள். பிஸ்தாப் பொடி வைத்துப் பாகில் ஊறவிடும் பக்லவாவை அவள் இரண்டு துண்டு சாப்பிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. ஆகவே பிஸ்தா சுத்தம் என்பது எனக்கு ஐயம் திரிபற விளங்கியது. நாலரை போட்டேன்.

ஏழு விளக்குக்குத் தனியாகப் போனேன். அவளுக்குக் கந்தசஷ்டி விரதம். அங்கே பாண் இன்னும் ஒரு படி மேல், அதையும் எழுதினேன். ஆனால் பக்லவாவைப் பார்த்ததும் எனக்குள் பழைய காப்புறுதிக்காரன் விழித்துக்கொண்டான். உள்ளே இருந்த பொடி கண்ணைப் பறிக்கிற பச்சை. பிஸ்தா அப்படி இருக்காது. டோஹாவிலிருந்தும் துபாயிலிருந்தும் சொந்தக்காரர் பைக்கற் பைக்கற்றாகக் கொண்டுவந்து தந்த பிஸ்தாவைத் தின்றுதானே நாங்கள் வளர்ந்தோம். அது மஞ்சள் கலந்த மங்கல் பச்சை. இது சாயம் போட்ட கச்சான் என்று முடிவெடுத்தேன். அப்படியே எழுதினேன். மூன்று புள்ளி.

பத்தி வந்து ஒரு மாதம் கழித்து மக்கீனின் மகள் நிஹ்லா முகநூலில் பதில் போட்டாள். மரியாதையான பதில், அதுதான் என்னை அதிகம் சுட்டது. முற்றுவதற்கு முன்பே பறிக்கிற பிஸ்தா கடும் பச்சையாகத்தான் இருக்கும், பக்லவாவுக்கு அதைத்தான் போடுவார்கள், சேர் அறிந்திருக்க நியாயமில்லை என்று எழுதி, மூட்டையைத் திறந்து படமும் போட்டிருந்தாள். 'அறிந்திருக்க நியாயமில்லை' என்பதை அறுநூறு பேர் பகிர்ந்தார்கள். பத்திரிகையிலிருந்து தொலைபேசி வந்தது. ஒன்றில் ஆதாரம் தாருங்கள், இல்லாவிட்டால் திருத்தம் தாருங்கள் என்றார்கள். பத்து நாள் தவணை.

ஆய்வுகூடத்துக்குக் கொடுக்க நேரம் போதாது. நாக்கை நம்பலாமா என்றால், இப்போது என் நாக்கின் மீதுதானே வழக்கு. ஆனால் என் வீட்டில், பிழையே விடாத ஒரு சோதனை இருந்தது. வரிசையும் எனக்கு மனப்பாடம், நேரமும் மனப்பாடம்.

நீங்கள் இந்த இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் மிருகம் அல்ல. ஊசி இருந்தது. உதடு தடித்ததும் குத்தினால் அரை மணித்தியாலத்தில் எழும்பி உட்காருவாள். ஒரே ஒரு சிக்கல். ஊசி அவள் கையில் இருந்தால் முதல் சொறிவிலேயே பயந்து குத்திக்கொள்வாள். பிறகு அது கச்சானா, வெறும் பயமா என்று யாரும் கேட்கலாம். முடிவு தெளிவாக இருக்காது. ஆகவே சனிக்கிழமை காலை, அவள் சாமி கும்பிடும்போது, கைப்பையிலிருந்து ஊசியை எடுத்து என் சட்டைப் பையில் வைத்தேன். உங்கள் கேள்விக்குப் பாதி விடை அது.

மிச்சம் இருந்தது அவளைச் சாப்பிட வைப்பது. ஏழு விளக்கில் கச்சான் என்று எழுதியதே நான்தானே, அவள் வாசித்திருந்தாள். அதனால் அவளிடம், "நான் எழுதினது பிழை, விசாரிச்சுப்போட்டன், அது சுத்தமான பிஸ்தா" என்றேன். அப்போது நான் அதை நம்பவில்லை. சிவமணி கையிலிருந்த தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பிழை எண்டு சொல்ல உங்களுக்கும் வருகுதே" என்றாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. "அந்த மனிசனிட்ட நேரில போய்ச் சொல்லுவம். நானும் வாறன்."

நல்ல சேலை ஒன்று உடுத்திக்கொண்டு வந்தாள்.

மக்கீன் வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். "மகள் கோவத்துல எழுதிட்டா சேர். நீங்க வந்தீங்களே, அது போதும்" என்றார். சிவமணி அவரிடம் என் சார்பில் மன்னிப்பும் கேட்டாள். பக்லவா வந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

"கச்சான் இல்லைத்தானே?"

"இல்லை. நீர் பயப்பிடாமச் சாப்பிடும்."

ஒன்று சாப்பிட்டாள். மக்கீன் பக்கத்தில் நின்றபடியால், மரியாதைக்கு இன்னொன்றும் சாப்பிட்டாள். நான் மேசைக்குக் கீழே மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்து நிமிடம். பதினொன்று. இருபது. அவளுடைய உதடு அப்படியே இருந்தது. மக்கீனிடம் பாகுக்குத் தேசிக்காய் விடுவீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால், எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

வரும்போது மக்கீன் ஒரு பெட்டி பக்லவாவும் தந்தார். "மிஸ்ஸுக்கு வீட்டுக்குக் கொண்டுபோங்க" என்றார்.

அடுத்த நாள் ஞாயிறு மத்தியானம் அவளை நீலக் கெண்டிக்குக் கூட்டிப் போனேன். திருத்தம் போடுவதென்றால் ஒழுங்காகப் போட வேண்டும். ஏழு விளக்குக்கு எத்தனை புள்ளி கூட்டுவது என்று முடிவெடுக்க, இரண்டையும் அடுத்தடுத்த நாளில், ஒரே மாதிரி நிலையில் ருசி பார்ப்பதுதான் நியாயம். ஒரே வேளை, ஒரே சாப்பாடு, ஒரே ஆட்கள். ஊசியும் அதே சட்டைப் பையில் இருந்தது. நிலைமையை மாற்றக் கூடாது என்று நான் எடுத்து வைக்கவில்லை.

கடை நிறையச் சனம். வினோதன் எங்களைச் சுவரோரம் இருத்தினான். என் தலைக்கு மேலே என் பத்தியைச் சட்டம் போட்டுத் தொங்கவிட்டிருந்தான். என் படம், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் நாலரை. கிருலப்பனையிலிருந்து வந்த ஒரு குடும்பம் எழும்பி வந்து, அந்தச் சட்டத்தோடு என்னை நிற்க வைத்துப் படம் எடுத்தது. சிவமணி தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

பக்லவாவில் அவள் பாதித் துண்டுதான் கடித்தாள். இரண்டு நிமிடம் ஆகவில்லை. உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். காதுச் சோணை சிவந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. பக்கத்து மேசைக்காரர் எழும்பி என்ன என்று கேட்டார். "புரைக்கேறிப்போட்டுது, தண்ணி கொண்டு வாங்கோ" என்று சொன்னேன். அம்புலன்சுக்கு அடிக்கட்டா என்று ஒரு பிள்ளை கேட்டாள். தேவையில்லை, ஒரு ஓட்டோ பிடித்துத் தாருங்கள் என்றேன். ஓட்டோவுக்குள் வைத்துக் குத்திவிடலாம், அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். ஞாயிறு மத்தியானம் காலி வீதியில் ஓட்டோ கிடைக்க ஒன்பது நிமிடம் எடுத்தது. ஏற்றும்போது அவளுக்கு ஊசி தேவைப்படவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். வெள்ளவத்தை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புறப்படுவதற்குச் சற்று முன் வீட்டில் ஏழு விளக்குப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு சாப்பிட்டாள் என்றேன். அது பொய். அந்தப் பெட்டியின் மூடி அதுவரை திறக்கப்படவே இல்லை, ஒன்று குறைந்திருக்க வேண்டும் என்று ஒரு துண்டை நான் பிறகு எடுத்தேன். மற்றது உங்களுக்குத் தெரியும். நான் எழுதிய பத்தியே அத்தாட்சி. கடைக்கு முத்திரை வைத்தீர்கள். மக்கீன் பதினொரு நாளாக விளக்கமறியலில் இருக்கிறார்.

செத்தவீட்டில் வினோதன் என்னை ஒரு பக்கமாகக் கூட்டிப் போனான். "சேர், நீங்கள் எழுதினாப் பிறகு சனம் தாங்கேலாமப் போச்சு. பிஸ்தா காணாது. போன மாசத்தில இருந்து கச்சானுக்குச் சாயம் போட்டுக் கலந்தனாங்கள். அன்ரிக்கு ஒத்துவராதெண்டு சத்தியமாத் தெரியாது" என்றான். ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று அவனைத் தட்டிக்கொடுத்து அனுப்பினேன். அவனில் எனக்குக் கோபம் வரவில்லை. மனம் லேசாகியது. நான் நாலரை போட்ட நாளில் அங்கே பிஸ்தா சுத்தம். அப்படியென்றால் அந்தத் தீர்ப்பு பிழை இல்லை. அன்று அவளுக்கு ஊசியைப் போட்டிருந்தாலும் என் நாலரை நின்றிருக்கும் என்பது பிறகுதான் மனதில் பட்டது. அதை நான் அதிகம் யோசிப்பதில்லை.

நிஹ்லாவும் வீட்டுக்கு வந்தாள். "சேர், வாப்பாக்கு சீனி வருத்தம் ஈக்கி. அந்தப் பெட்டில என்னா நடந்திச்சி எண்டு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்" என்றாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். நல்ல பிள்ளை. குடிக்காமல் எழும்பிப் போனாள்.

என்னைப் பிடித்தது நீங்கள் அல்ல, என் மகள் ஹம்சிகா. அந்தச் சட்டையை நான் தோய்க்கப் போடாமல் அலுமாரியில் மாட்டி வைத்திருந்தேன். நேற்று முன்தினம் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அப்பா, அம்மான்ர ஊசி ஏன் உங்கட சேர்ட்டுக்குள்ள?"

அவசரத்தில் எடுத்து வைத்தது என்றேன். மூடி கழற்றப்படாமலே இருக்கிறதே என்றாள். சட்டையை மடித்து எடுத்துக்கொண்டாள். நேரே உங்களிடம்தான் வந்தாள். அவளிடமும் தாயின் கூர்மை இருக்கிறது.

மக்கீனை விட்டுவிடுங்கள். அவருடைய பிஸ்தாவில் குற்றம் இல்லை. பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்பினால் நல்லது: ஏழு விளக்குக்கு நாலரை. நீலக் கெண்டியின் இன்றைய நிலைக்கு மூன்று. கபாப் இன்னும் நன்றாகவே இருக்கிறது, அதற்குக் கீழே போட மனம் வரவில்லை.

இனி உங்கள் கேள்வியின் மற்றப் பாதி. ஊசி ஏன் பையில் இருந்தது என்பதைச் சொல்லிவிட்டேன். ஏன் வெளியே வரவில்லை என்பதுதான் மிச்சம்.

உதடு தடித்ததும் சிவமணி கைப்பையைத் திறந்து உறைக்குள் விரலை விட்டாள். பிறகு பையை மேசையில் கவிழ்த்தாள். சீப்பு, வீட்டுத் திறப்பு, ஒரு விபூதிப் பொட்டலம், தேவாரப் புத்தகம். அப்போதும் அவள் என்னைச் சந்தேகிக்கவில்லை, உதவி கேட்பதற்காகத்தான் பார்த்தாள். என் சட்டைப் பையின் விளிம்பில் நீல மூடி தெரிந்தது. அதைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். முந்தின நாள் ஏன் கூட்டிப் போனேன் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு விளங்கியிருக்கும். சொல்லிக்கொடுக்க வேண்டிய ஆள் அல்ல அவள். குரல் வரவில்லை. கையை மட்டும் என் நெஞ்சுப் பக்கம் நீட்டினாள்.

நான் அந்தக் கையைப் பிடித்தேன். மற்றக் கையையும் நீட்டினாள், அதையும் பிடித்தேன். நினைத்ததை விட அவளுக்குப் பலம் இருந்தது. கிருலப்பனைக் குடும்பம் சுற்றி நின்றது. என் தலைக்கு மேலே சட்டம் இருந்தது. ஓட்டோ வரும்வரை ஒன்பது நிமிடம் அப்படியே இருந்தோம்.

உங்கள் சாட்சிகள் ஐந்து பேரும் ஒன்றையே சொல்லியிருக்கிறார்கள்: அந்த மனிதர் கடைசி வரைக்கும் மனைவியின் கையை விடவே இல்லை என்று. அது முழு உண்மை. விட்டிருந்தால் அவள் ஊசியை எடுத்திருப்பாள். எல்லோரும் பார்த்திருப்பார்கள். நாலு பேர் முன்னால் என் பெயர் அப்படிக் கெடுவதைச் சிவமணியும் விரும்பியிருக்க மாட்டாள்.